பவுசர் பட்டியலில் இருந்த ‘ச’: மூதூரிலிருந்து புவியியல் முதுமாணிப் படிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்த ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

2022 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. மூதூரிலிருந்து கிண்ணியா வழியாக வரும் பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து இறங்கியவள், நேரே என் வீட்டுக்கு வந்து ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள். “டீச்சர், அட்மிஷன் கிடைச்சிட்டுது. இனி என்ன செய்யிறது?”

பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்று புவியியலில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கு இடம் கொடுத்திருந்தது. கட்டணம் 22,000 பவுண். முற்பணம் கட்டினால்தான் இடம் உறுதியாகும் என்று கடைசிப் பந்தியில் எழுதியிருந்தது. கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். புலமைப்பரிசில் என்ற சொல் எங்குமே இல்லை.

நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். இவள் என்னிடம் படித்தவள். பட்டம் முடித்த பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு வழி கேட்டு என்னிடம் வருவார்கள். அவர்களில் இவளுடைய கதையை எழுதத் தனிக் காரணம் உண்டு. அதே சான்றிதழ்களோடு இரண்டு முறை விண்ணப்பித்தாள். முதல் முறை ஒரு ரூபாய் உதவிகூடக் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை முழுப் புலமைப்பரிசில் கிடைத்தது. இடையில் என்ன மாறியது என்று என்னால் கிட்டத்தட்டத் தேதி வாரியாகச் சொல்ல முடியும். அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன். கொட்டியாரக் குடாவின் கரையோரத்தில், மகாவலி கடலில் சேரும் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி

வாப்பா மீன்பிடிப்பவர். உம்மா வீட்டில் தையல் வேலை செய்பவர். 2006 ஆகஸ்டில் மூதூரே கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது இவள் சின்ன வகுப்பில் இருந்தாள். அந்த இடப்பெயர்வில் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. பிற்பாடு பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்கவே பல நாட்கள் அலைந்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புக்கலைமாணி, நான்கு ஆண்டு, தமிழ் மொழிமூலம். ஜீ.பி.ஏ. 3.42, அதாவது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. முதல் வகுப்புக்கு 3.70 வேண்டும். ஆய்வுக்கட்டுரையையும் தமிழில்தான் எழுதியிருந்தாள். 2020 செப்டெம்பரில் பட்டதாரிப் பயிலுநர்களை அரசு சேர்த்துக்கொண்டபோது இவளும் சேர்ந்து, ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனாள். பயிற்சிக் காலத்தில் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. அந்த வேலையை அவள் பெரிதாக நினைத்ததில்லை. “பட்டியல் எழுதிற வேலை டீச்சர்” என்பாள். அந்தப் பட்டியல்தான் பின்னால் அவளைக் கரைசேர்த்தது.

முதல் சுற்று

2021 ஒக்டோபர் முதல் 2022 மார்ச் வரை. அவள் என்னிடம் வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. நகரில் இருந்த ஒரு முகவரின் பேச்சைக் கேட்டுத்தான் பிரித்தானியாவுக்கு விண்ணப்பித்திருந்தாள். இப்படியான முகவர்கள் பலருக்கு மாணவர் சேர்ந்தால் பல்கலைக்கழகம் தரகுப் பணம் கொடுக்கிறது. ஆகவே அட்மிஷன் எடுத்துக் கொடுப்பதோடு அவர்களுக்குச் சோலி முடிந்துவிடும். பணம் எங்கிருந்து வரும் என்பது வீட்டாரின் தலையில். காணியை ஈடுவைத்து வங்கிக் கடன் எடுக்கலாம் என்று முகவர் யோசனை சொன்னார். வட்டிக்குக் கடன் எடுக்கும் பேச்சுக்கே வீட்டில் இடமில்லை. வாப்பா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். அன்று அவள் அழுதாள். எனக்கோ உள்ளுக்குள் பெரிய ஆறுதல். ஏனென்றால் ஜனவரியில் ஒரு பவுண் 270 ரூபாய் அளவில் இருந்தது, 22,000 பவுண் என்றால் 60 இலட்சம். மே மாதம் ரூபாய் சரிந்து பவுண் 440ஐத் தாண்டியபோது அதே கட்டணம் 97 இலட்சம் ஆனது. அந்தக் காணியோடு வீடும் போயிருக்கும்.

அதே காலத்தில் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கும் படிவத்தைத் திறந்திருக்கிறாள். அதற்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம், மணிக்கணக்கில் 2,800 மணித்தியாலம் வேண்டும். அவளிடம் இருந்தது 14 மாதம். தகுதி பார்க்கும் முதல் கேள்விகளிலேயே படிவம் அவளை வெளியே விட்டுவிட்டது.

அமெரிக்காவில் இரண்டு புவியியல் துறைகளுக்கும் விண்ணப்பித்தாள். விண்ணப்பக் கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து 150 டொலர். இவளிடம் கடன் அட்டை இல்லாததால் கட்டாரில் இருக்கும் மச்சான் கட்டிக்கொடுத்தார். அமெரிக்கத் துறைகளில் பணம் வரும் விதம் வேறு. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்தால், மாணவரைக் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வைத்து, வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை வேலை வாங்கி, படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப்படியும் கொடுப்பார்கள். வெளியே தனியாகப் புலமைப்பரிசில் தேடத் தேவையில்லை, துறையே அதைச் சுமக்கும். ஆனால் ‘இந்த மாணவரை நான் வழிநடத்துகிறேன்’ என்று ஒரு பேராசிரியர் அங்கே கைதூக்க வேண்டும். இது தெரியாமல் இவள் ஒரே கடிதத்தை 31 பேருக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு பேர் மரியாதைக்குப் பதில் எழுதினார்கள்.

சிபாரிசுக் கடிதத்திலும் அதே அவசரம். ஒரு விரிவுரையாளரிடம் கடைசித் திகதிக்கு ஆறு நாள் இருக்கும்போது கேட்டாள். அவர் சம்மதித்தார், ஆனால் கடிதம் நேரத்துக்குப் பதிவேறவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு நாளில் எழுதப்படும் கடிதத்தில் “ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவி” என்பதைத் தவிர வேறு என்ன இருக்கப் போகிறது?

அவளுடைய நோக்கக் கடிதத்தை அன்றுதான் முதன்முதலில் வாசித்தேன். “சிறு வயதிலிருந்தே எனக்குப் புவியியலில் மிகுந்த ஆர்வம் உண்டு. காலநிலை மாற்றம் இன்று உலகம் எதிர்நோக்கும் பெரும் சவால்.” இப்படி இரண்டு பக்கம். ஒரு பிழையும் இல்லை, ஒரு இடமும் இல்லை. மூதூர் என்ற சொல் முகவரியில் மட்டும் இருந்தது. அந்தக் கடிதத்தை பங்களாதேசத்திலிருந்தோ கென்யாவிலிருந்தோ யார் எழுதினாலும் எழுத்து மாறாமல் அப்படியே பொருந்தும். இடத்தைப் படிக்கும் துறைக்கு இடமே இல்லாத கடிதம் அனுப்பினால் அவர்கள் எதைப் பிடித்து இவளைத் தேர்வார்கள்?

மார்ச்சில் இரண்டு அமெரிக்கத் துறைகளும் மறுத்தன.

பட்டியல்

2022இன் நடுப்பகுதி எப்படி இருந்தது என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, மின்வெட்டு, பஸ் இல்லாத நாட்கள். ஆனாலும் அவள் சனிக்கிழமைகளில் வந்தாள். மூதூரிலிருந்து வள்ளத்தில் குடாவைக் கடந்து வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகுதான் மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நகரம் கிட்டவாக வந்தது. அந்தப் பாலம் இல்லாவிட்டால் இந்தச் சனிக்கிழமைகளும் இருந்திருக்காது.

ஜூலையில் ஒரு நாள் அவளிடம், “நீ ஒபீசில என்ன எழுதிறாய் என்று கொண்டு வந்து காட்டு” என்றேன். அடுத்த வாரம் ஒரு பழுப்பு நிறப் பைல் வந்தது. வரட்சிக் காலத்தில் பவுசரில் தண்ணீர் கொடுக்க வேண்டிய வீடுகளின் பட்டியல், அவளுடைய சொந்தப் பிரதி. பெயர்களை வெட்டி நீக்கி, வீட்டிலக்கங்களை மட்டும் விட்டிருந்தாள். அதற்குப் பிரதேச செயலாளரிடம் வாய்மொழியாக அனுமதியும் வாங்கியிருந்தாள். இதை நானாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கே தோன்றியது.

பட்டியலின் ஓரத்தில் சில வீட்டிலக்கங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ‘ச’ என்று போட்டிருந்தது. என்ன என்று கேட்டேன்.

“சவர் டீச்சர். மழை பெய்ஞ்சாலும் இந்த வீட்டுக் கிணறு சவர்க்கும். அவங்கட பேரை நான் பட்டியல்ல இருந்து எடுக்கக்கூடாது எண்டு எனக்கு ஞாபகத்துக்கு.”

மேசையில் பழைய வினாத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அந்தத் தெருவை வரையச் சொன்னேன். கடற்கரை, மணல்மேடு, பள்ளிவாசல், ஒழுங்கை, பின்னால் ஓடும் வாய்க்கால். அதில் ‘ச’ வீடுகளைப் புள்ளியாக வைத்தாள். புள்ளிகள் கடற்கரையோரமாக வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. கடலிலிருந்து 300 மீற்றரில் இருந்த வீடுகளில் ஒரு ‘ச’கூட இல்லை. 700 மீற்றரில், வாய்க்காலோடு வளைந்து ஒரு வில் மாதிரி ‘ச’ நின்றது. கடலுக்குக் கிட்ட இனிப்பு, தூரத்தில் உப்பு!

இருவரும் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு 20 வயது குறைந்தது போல இருந்தது.

உயர்தரத்தில் நானே கற்பித்த பாடம்தான். கரையோர மணலில் மழைநீர் கனமான உப்பு நீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். இதைக் கைபென், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் சொல்வோம். மறுவளமாகப் பார்த்தால், மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். மணல்மேட்டு வீடுகளில் வாளியால் அள்ளுகிறார்கள், மேடும் உயரம். வாய்க்கால் பக்கம் நிலம் தாழ்வு, வற்றுப்பெருக்கோடு கடல்நீர் வாய்க்காலில் உள்ளே வருகிறது, போதாததற்குப் பல வீடுகளில் மோட்டர். இதில் எது எவ்வளவு காரணம்? அதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. பதில் இல்லாததுதான் நல்லது, அது ஆய்வுக்கேள்வி ஆகிவிட்டது.

சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரை முழுவதும் கிணறுகள் உப்பானதையும், அவசரத்தில் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகள் சில மேலும் கெட்டதையும் எங்கள் ஊர்க்காரர் அனுபவத்தில் கண்டார்கள். ஆகவே இது ஒரு தெருவின் கதையோடு நின்றுவிடாது. மோட்டர் மானியமாகக் கொடுப்பதா, பவுசர் ஓட்டுவதா, வாய்க்கால் வாயில் தடுப்புப் போடுவதா என்று ஒவ்வொரு வரட்சியிலும் செயலகத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு எடுக்கப்படும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறவள் இவள்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. இரவல் லெப்டொப்பில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை இறக்கினாள், அது இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படங்களும் இலவசம், 10 மீற்றர் துல்லியம். வரட்சிக் காலப் படத்தில் வாய்க்கால் எதுவரை நீரோடு தெரிகிறது என்று கோடு கீறி, அதன் மேல் வீட்டுப் புள்ளிகளை வைத்தாள். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து இரவு 2 மணிக்கு எழும்பி வேலை செய்த நாட்களும் உண்டு. ஒரு பக்க வரைபடம். அவ்வளவுதான், ஆனால் அது அவளுடையது.

இரண்டாம் சுற்று

இந்த முறை பணத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டோம். முதலில் படிப்பைத் தேர்ந்து பிறகு பணம் தேடுவது முதல் சுற்றில் அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோமே. கேள்விகள் மூன்று. யார் முழுச் செலவையும் தருகிறார்கள்? அவர்கள் கேட்கும் தகுதி இவளிடம் இன்று இருக்கிறதா? விண்ணப்பிக்கவே பணம் கேட்கிறார்களா?

மூன்றாவது கேள்வியை யாரும் பேசுவதில்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை ஒன்றுக்கே அவளுடைய ஒரு மாதச் சம்பளம் போதவில்லை. முதல் தடவை 6.0 வந்தது, பல இடங்களில் 6.5 கேட்பதால் இரண்டாம் தடவை எழுத வேண்டியிருந்தது. பெறுபேறு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். ஆகவே விண்ணப்பக் காலத்துக்குச் சற்று முன் எழுதுவது நல்லது. மிக முன்கூட்டி எழுதி வைத்து, முதல் சுற்றில் தோற்றால் பணம் வீணாகும். இதற்கு மேல் ட்ரான்ஸ்கிரிப்ட், மொழிபெயர்ப்பு, அத்தாட்சி, தபால், கொழும்புப் பயணம். அமெரிக்கத் துறைகள் பல கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தை விலக்கும் என்பது முதல் சுற்றில் எங்களுக்குத் தெரியாது. ஒரு மெயில் எழுதிக் கேட்டிருந்தால் அந்த 150 டொலரில் பாதியாவது மிஞ்சியிருக்கலாம்.

2022 செப்டெம்பரோடு அவளுக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் நிரம்பியது. இதனால் மூடியிருந்த இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்று செவனிங். மற்றது ஜேர்மனியின் டி.ஏ.ஏ.டி. நிறுவனம் வளர்முக நாடுகளின் பட்டதாரிகளுக்கு நடத்தும் ஈபோஸ் புலமைப்பரிசில் திட்டம். ஈபோஸ் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் ஆறு ஆண்டுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். மாதப்படி அப்போது 934 யூரோ, பயணச் செலவு, மருத்துவக் காப்புறுதி, பொதுவாகப் படிப்புக்கு முன் ஜேர்மன் மொழி வகுப்பும். ஜேர்மனியின் பொன் நகரப் பல்கலைக்கழகமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் சேர்ந்து சூழல் ஆபத்துகளும் மனிதப் பாதுகாப்பும் பற்றி ஒரு புவியியல் முதுமாணிப் படிப்பு நடத்துகின்றன. இப்படியான படிப்புகள் அந்தப் பட்டியலில் இருந்தன.

புலமைப்பரிசில் இல்லாமல் ஜேர்மனி போவதும் முடியாத காரியம் இல்லை. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்குக் கணக்கில் முன்கூட்டியே வைத்துக் காட்ட வேண்டும். 2023இல் அது 11,208 யூரோ, அன்றைய விகிதத்தில் 40 இலட்சம் ரூபாய் அளவில். ‘ஜேர்மனியில் படிப்பு இலவசம்’ என்று கேள்விப்பட்டு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் முதலில் சொல்வது இந்தத் தொகையைத்தான். புலமைப்பரிசில் கடிதம் இருந்தால் அந்தக் கணக்கே தேவையில்லை.

ஐரோப்பாவின் எரஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிப் படிப்புகளுக்கு வேலை அனுபவம் கட்டாயம் இல்லை, பொதுவாக விண்ணப்பக் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோ. புவித்தகவல் தொழில்நுட்பத்தில் ஒன்றைத் தேர்ந்தோம். கொமன்வெல்த், புல்பிரைட், ஜப்பானின் மெக்ஸ்ட், இந்தியாவின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில்கள் எல்லாவற்றையும் பார்த்தோம். ஒரு பருவத்தில் நான்கு விண்ணப்பத்துக்கு மேல் போனால் எல்லாம் மெலிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஆகவே ஈபோஸ், எரஸ்மஸ், செவனிங், அதோடு அமெரிக்காவில் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதிப் பார்ப்பது. இவை எதுவும் சரிவராவிட்டால் பேராதனையில் விஞ்ஞான பட்டப்பின்படிப்பு நிறுவனத்தில் புவியியல் தகவல் முறைமை முதுமாணி, வேலையோடு. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

ஜீ.பி.ஏ. 3.42 ஜேர்மன் கணக்கில் என்ன என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அங்கே 1.0தான் உச்சம், 4.0 கடைசித் தேர்ச்சி. உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 4.00இல் 3.42 போனால் 0.58. எங்கள் தேர்ச்சிப் புள்ளி 2.00, ஆகவே இடைவெளியும் 2.00. வகுத்தால் 0.29, மூன்று மடங்கு 0.87, ஒன்று கூட்டினால் 1.87. நல்ல புள்ளி. கணக்குப் போட்ட தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நோக்கக் கடிதத்தை முதலில் தமிழில் எழுதச் சொன்னேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தமிழில் யோசிக்கும் பிள்ளை நேரே ஆங்கிலத்தில் எழுதினால், தெரிந்த வாக்கியங்களை எழுதுவாளே தவிரத் தெரிந்த விஷயத்தை எழுத மாட்டாள். புதிய கடிதம் இப்படித் தொடங்கியது: “எங்கள் ஒழுங்கையில் கடலுக்குக் கிட்ட உள்ள கிணறு குடிக்கலாம். கடலைவிட்டு இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள கிணறு மாரியிலும் சவர்க்கிறது. 2021 ஓகஸ்டில் இந்த இரண்டாவது வகை வீடுகளுக்குப் பவுசர் அனுப்பும் பட்டியலை நான் எழுதினேன்.” இரண்டாம் பந்தியில் வாய்க்கால், மோட்டர், மணல்மேடு. மூன்றாவதில் தனக்கு எது தெரியாது, எந்தப் பாடம் அதைச் சொல்லித்தரும், அந்தப் படிப்பில் யார் அதைக் கற்பிக்கிறார்கள். கடைசியில் திரும்பி வந்து எந்த மேசையில் உட்காரப் போகிறாள். ஆங்கிலமாக்கியபோது வாக்கியங்கள் குட்டையாகத்தான் வந்தன. அப்படியே விட்டோம்.

அதே முதல் பந்தியை ஐந்து அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு, ஒவ்வொருவரின் ஆய்வையும் வாசித்த பிறகு, தனித்தனியாக எழுதினாள். மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருவர் ஸூமில் அரை மணித்தியாலம் பேசி, வாய்க்காலின் உப்புத்தன்மையை எந்த மாதங்களில் அளக்க வேண்டும் என்று சொன்னார். இந்த ஆண்டு மாணவர் எடுக்கப் பணம் இல்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். முந்தைய ஆண்டு 31க்கு இரண்டு, இந்த ஆண்டு ஐந்துக்கு மூன்று.

சிபாரிசுக் கடிதத்துக்கு ஏழு வாரம் முன்பே கேட்டாள். வரைபடத்தையும் ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்து அனுப்பியதால், அதே விரிவுரையாளர் இந்த முறை எழுதிய கடிதத்தில் ஆளும் தெரிந்தாள், வேலையும் தெரிந்தது. ஈபோஸுக்கு வேலைத்தலத்திலிருந்தும் ஒரு கடிதம் வேண்டும்: கடிதத்தலைப்பு, கையொப்பம், முத்திரை, புதிய திகதி நான்கும் இருக்க வேண்டும். முடிந்தால், திரும்பி வந்தால் வேலை உண்டு என்ற உறுதியும். இந்த இடத்தில்தான் ‘பட்டியல் எழுதிற வேலை’ அவளுக்குக் கைகொடுத்தது. தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு எளிதில் கிடைக்காத உறுதிமொழி அது. 2022இல் அரசு ஊழியர் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அரசு இடம் கொடுத்திருந்ததும் உதவியாக அமைந்தது. முத்திரை மை மங்கலாக விழுந்ததால் கடிதத்தை மறுபடி அடித்து மறுபடி குத்தி வாங்கினோம். அற்பமாகத் தெரியும், ஆனால் ஆயிரம் மைலுக்கு அப்பால் பைலைப் புரட்டுகிறவருக்கு அந்த முத்திரைதான் செயலகம்.

முடிவும், அதை எப்படி வாசிப்பது என்பதும்

செவனிங்கில் நேர்முகத்துக்கு அழைக்கவில்லை. எரஸ்மஸில் காத்திருப்போர் பட்டியல். ஈபோஸ் கிடைத்தது. மெயில் வந்த அன்று வாப்பா கடலில். கரைக்கு வந்தவரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “வட்டி இல்லையே?” என்பதுதானாம்.

இரண்டு சுற்றுக்கும் இடையில் மாறியவை மூன்று: எழுத்து, வேலை அனுபவம், தேர்ந்த இடங்கள். எல்லாப் புகழையும் அந்தப் பென்சில் ‘ச’வுக்குக் கொடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் இரண்டு ஆண்டு நிரம்பாமல் இருந்திருந்தால் எந்தக் கடிதமும் ஈபோஸ் கதவைத் திறந்திருக்காது. மறுபக்கம், அனுபவம் மட்டும் போதுமென்றால் ஐந்தில் மூன்று பதில் எப்படி வந்தது? அந்தப் பேராசிரியர்கள் அவளுடைய வேலைச் சான்றிதழைப் பார்க்கவே இல்லை, பந்தியைத்தான் பார்த்தார்கள். ஆகவே என் கணிப்பு: தகுதி அவளை அறைக்குள் விட்டது, கிணறு அவளைத் தேர்வு செய்ய வைத்தது. வேறு பிள்ளைகளிடமும் இதையே பார்க்கிறேன். குச்சவெளிப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்குப் புல்மோட்டை கனிய மணல், கந்தளாயிலிருந்து வருகிறவளுக்கு 1986இல் உடைந்த குளக்கட்டு, நிலாவெளிக்காரனுக்குப் புறாமலைப் பவளப்பாறை. ஆளுக்கு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. அவர்களோ உலக வெப்பநிலையைப் பற்றி எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

விடுமுறை அனுமதி ஒன்று மட்டும் கடைசி வரை இழுத்தது. பைல் ஒரு மேலிடத்தில் வாரக்கணக்கில் கிடந்தது. பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் கையெழுத்தானது. விண்ணப்பம் போட்ட அன்றே விடுமுறைக்கும் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். அதை நான் சொல்லிக்கொடுக்கத் தவறிவிட்டேன், அந்த ஒன்பது நாளும் அவள் பட்ட பாடு என் கணக்கில்தான்.

2023 ஜூனில் மொழி வகுப்புக்காகப் புறப்பட்டாள். முதுமாணி ஆய்வுக்கான கள வேலைக்கு 2025இன் ஆரம்பத்தில் ஊருக்கு வந்தபோது என்னையும் அழைத்துப் போனாள். கையில் மின்கடத்துதிறன் அளக்கும் சின்னக் கருவி. தண்ணீரில் அமிழ்த்தினால் உப்பு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். வாய்க்கால் பக்கத்து வீடு ஒன்றில் வயதான ஒரு தாய் வாளியில் தண்ணீர் அள்ளி, கருவியை அமிழ்த்த முன்னரே ஒரு துளியை நாக்கில் வைத்தார்.

“போன மாசத்தை விடக் குறைவு மகள். மழை கொஞ்சம் உள்ளுக்கு இறங்கியிருக்கு.”

கருவியும் போன மாதத்தை விடக் குறைந்த எண்ணைக் காட்டியது. அவள் சீ.ஆர். கொப்பியைத் திறந்தாள். வீட்டிலக்கம், திகதி, ஆழம் என்று கோடு போட்டிருந்தது. கடைசி இரண்டு நிரல்களின் தலைப்பில் ஒன்றில் ‘மீற்றர்’ என்றும் மற்றதில் ‘நாக்கு’ என்றும் எழுதி வைத்திருந்தாள். இரண்டையும் நிரப்பிவிட்டு, அடுத்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.